பின்னறை அம்மாவுக்கு ஒரு கிண்ணம் கோஸ்

அன்று காலை முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது சட்டக்காரர் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். தலையே போனாலும் பின்னறையை விட்டுக்கொடுப்பதில்லை. முடிவு எடுத்த வேகத்தில் பிளேடு கன்னத்தில் ஏறிவிட்டது. ரத்தம் வந்தது. வரட்டும், பெரிய காரியம் என்றால் கொஞ்சம் ரத்தம் சிந்தத்தான் வேண்டும் என்று ஒரு துண்டு பஞ்சை ஒட்டிக்கொண்டார்.

சட்டக்காரர் என்றதும் யாரோ பெரிய வக்கீல் என்று நினைத்துவிடாதீர்கள். போட்டோவுக்குச் சட்டம் போடுகிறவர். கடைத்தெரு முனையில் சின்னதாக ஒரு கடை. மரம் அறுப்பார், கண்ணாடி வெட்டுவார், மூலைக்கு மூலை ஆணி அடிப்பார். பகல் முழுக்கச் சட்டம் போடுகிற மனுஷன், வீட்டுக்கு வந்துவிட்டால் சட்டம் போடுவது சம்சாரம்தான். அந்த அம்மாள் ஆஸ்பத்திரி சமையலறையில் தலைமைச் சமையல்காரி. உப்பு இல்லாத கஞ்சியை, முரண்டு பிடிக்கிற நோயாளியையெல்லாம் மூச்சுக் காட்டாமல் குடிக்க வைத்துப் பழகியவள். அவளுக்குப் புருஷன் எந்த மூலைக்கு?

முந்தின நாள் சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

“ஏங்க, அம்மாவுக்கு முட்டிவலி ஜாஸ்தியாயிடுச்சாம். மூணாவது மாடி, லிஃப்டும் கிடையாது. இனிமே தனியா விட முடியாது. இங்கேயே கூட்டிட்டு வந்துடலாம்.”

“தாராளமா” என்றார் சட்டக்காரர். கண் பேப்பரில் இருந்தது.

“பின்னறையை ஒழிச்சுக் குடுத்துடலாம்.”

பேப்பர் மடியில் விழுந்தது.

பின்னறை என்றால் அப்படி ஒன்றும் அரண்மனை இல்லை. வீட்டின் கடைக்கோடியில் ஒரு ஜன்னல், அந்த ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். உள்ளே துணி போட்ட ஒரு சாய்வு நாற்காலி, ஒரு முக்காலி, ஒரு பழைய ரேடியோ, எப்போதோ வாங்கிப்போட்ட ஒரு கட்டில். ஆனால் உலகத்திலேயே அவரை யாரும் “எழுந்திரிங்க” என்று சொல்லாத இடம் அது ஒன்றுதான். ஹாலில் உட்கார்ந்தால் “காலைத் தூக்குங்க, பெருக்கணும்” என்பாள். படுக்கையறையில் படுத்தால் “தள்ளிப் படுங்க, துணி மடிக்கணும்” என்பாள். பின்னறையில்தான் அவர் வைத்த கால் வைத்த இடத்தில் இருக்கும். கடையில் நாளெல்லாம் நின்றே வேலை செய்கிறவருக்கு அந்த நாற்காலி போய்விட்டால் அப்புறம் என்னதான் மிச்சம்?

ஆனால் பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் நின்று “முடியாது” என்று சொல்லிப் பழக்கமில்லை. சொல்லிப் பார்க்கவும் தைரியமில்லை. அதனால் மூளையைக் கசக்கினார். கசக்கிய மூளையிலிருந்து ஒரு பேய் கிளம்பியது.

போட்டோவுக்குச் சட்டம் போடக் கொடுத்துவிட்டு, திரும்பி வாங்கவே வராதவர்கள் எல்லாக் கடைக்கும் உண்டு. அவர் கடையிலும் அப்படி ஒரு குவியல் மூலையில் கிடந்தது. அதில் ஒரு படத்தை மட்டும் அவர் எப்போதும் சுவர்ப்பக்கம் திருப்பியே வைத்திருப்பார். யாரோ ஒரு வயசான அம்மாள். தலையை இழுத்து வாரி, உதட்டை இறுக்கி மூடி, நேரே பார்க்கிற படம். சிரிப்பு என்பது அந்த முகத்துப் பக்கமே வந்ததில்லை. கடையில் எங்கே நின்றாலும் அந்தக் கண் கூடவே வரும். அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணாடி கோணலாகத்தான் வெட்டுப்படும். இது சட்டக்காரரின் அனுபவம்.

அந்தப் படத்தைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பின்னறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். வாசலுக்கு வந்து, அடுத்த வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டார். தையல்காரியிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதும் ஒன்றுதான்.

“பரண்ல இருந்து ஒரு போட்டோ கிடைச்சுதும்மா. நமக்கு முன்னாடி இந்த வீட்ல இருந்தவங்களாம். அந்தப் பின்னறையிலதான்... என்னத்தச் சொல்ல. வீட்ல சொல்லிடாதே, பயந்துடுவா.”

“ஐயோ அண்ணே! நான் மூச்சு விடுவேனா?” என்ற தையல்காரி, அவர் செருப்பை மாட்டுவதற்குள் மூச்சு விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் தூறல் பிடித்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்க விடவே இல்லை. பட்டப்பகலிலேயே விளக்கைப் போட்டால்தான் எதிரில் இருப்பவர் முகம் தெரியும் என்கிற மாதிரி ஒரு மந்தாரம். சம்சாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். பையிலிருந்து மூன்று பெரிய சிவப்பு முட்டைக்கோஸை எடுத்து மேடையில் வைத்தாள். பெயர்தான் சிவப்பு. பார்த்தால் கருஊதா. கழுத்தோடு வெட்டி வைத்த தலைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“நோயாளிங்க இதைத் தொட மாட்டேங்கிறாங்க. கலரே சரியில்லையாம். வீணாப் போகுதேன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்” என்றவள், கத்தியை எடுத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். “பின்னறையில யாரோ இருக்காங்களாமே?”

சட்டக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உனக்கு யார் சொன்னா? நானே சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அந்த அம்மா தனியாவே வாழ்ந்தவங்களாம். அந்த ரூம்ல வேற யார் படுத்தாலும் பிடிக்காதாம்.”

“நீங்க தினமும் படுக்கிறீங்களே?”

“என்னை மட்டும் ஒண்ணும் பண்றதில்ல. என்கிட்ட என்னமோ ஒரு பிரியம்.”

“உங்ககிட்டயா?” அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்போ நிச்சயமா மனுஷப் பிறவியா இருக்காது.”

சதக்கென்று கோஸ் இரண்டாகப் பிளந்தது. உள்ளே வெள்ளையும் ஊதாவுமாகப் பாதைகள் சுருண்டு சுருண்டு போயின. எங்கே போய் முடிகின்றன என்று பார்த்தால் கண்ணைச் சுற்றியது. அவள் மெல்லிசாக நறுக்கிக்கொண்டே பேசிக்கொண்டு போனாள். இதை நிறையத் தண்ணி ஊத்தி வேக விடக் கூடாதுங்க, சாறெல்லாம் போயிடும். வெங்காயத்தோட வதக்கி, மூடி போட்டு, சின்னத் தீயில வைக்கணும். கூட ஒரு ஆப்பிளைத் துருவிப் போட்டா நல்லாருக்கும். ஆனா கொஞ்சம் உஷாரா இருக்கணும், இது ஒரு மாதிரியான காய்...

சட்டக்காரர் “உம்” கொட்டினார். மனைவி சமையலைப் பற்றிப் பேசினால் காதை மூடிக்கொண்டு வாயால் உம் கொட்டுவது அவருடைய பழக்கம். ஒரு மாதிரியான காய் என்பதற்கு அப்புறம் அவள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அம்மாவைக் கூட்டி வருகிற பேச்சை அவள் எடுக்கவில்லையே, பேய் வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

சாப்பாட்டு நேரத்தில் அவள் மூன்று கிண்ணம் வைத்தாள்.

“மூணாவது யாருக்கு?”

“அவங்களுக்குத்தான். என்ன இருந்தாலும் ஒரே வீட்ல இருக்கோம். அவங்களை விட்டுட்டு நாம மட்டும் சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?”

சட்டக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார். கிண்ணத்தைத் தானே வாங்கிக்கொண்டு போய்ப் பின்னறை முக்காலியில், படத்துக்கு நேர் கீழே வைத்தார். பளபளவென்ற ஊதாவிலிருந்து ஆவி பறந்தது. “சாப்பிடும்மா, கூச்சப்படாதே” என்று படத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த அம்மாள் கண்ணடிக்கவில்லை. அவர் திரும்பி வந்து திருப்தியாகச் சாப்பிட்டார், கை கழுவினார், குளியலறையில் நின்று நிதானமாகப் பல்லிடுக்கெல்லாம் குத்திக்கொண்டார். பிறகு நாற்காலியில் சாயலாம் என்று பின்னறைக்குப் போனார்.

கிண்ணத்தில் இருந்தது நீலமாக இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். நீலம். அடிபட்ட இடம் இரண்டாம் நாள் கன்றிப்போய் வருமே, அந்த நீலம். அவர் வாழ்நாளில் அந்த நிறத்தில் ஒரு சாப்பாட்டைப் பார்த்ததில்லை. ஜன்னலில் தூறல் தட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால் படம். உதட்டை இறுக்கிக்கொண்டு அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏ... ஏம்மா! இங்கே வா!”

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“நமக்கு என்ன போட்டேனோ அதேதான் அவங்களுக்கும் போட்டேன். நீங்க ஏதாச்சும் மரியாதைக் குறைவாப் பேசினீங்களா?”

கண்ணடித்ததைச் சொல்ல முடியுமா? “இல்லையே” என்றார் சட்டக்காரர்.

“பாவம், மனசு நோகும்படி என்னமோ நடந்திருக்கு” என்று முணுமுணுத்தபடி அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவள் சூப் வைத்தாள். அதுவும் அதே கோஸ்தான். குழித்தட்டில் ஊதாவாக, அடி தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. சட்டக்காரர் கரண்டியை எடுத்தார்.

“ஒண்ணு கேக்கணும்” என்றாள் எதிரில் உட்கார்ந்தவள். “அவங்களைப் பத்தி நீங்க சொன்னதெல்லாம் உண்மைதானே?”

“பின்னே? நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்?”

“உப்பு கம்மியா இருக்கும், இருங்க” என்று ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினாள்.

கரண்டியைச் சுற்றி ஒரு நீலம் பூத்தது. பூத்து, மெல்ல மெல்லப் பரவி, தட்டின் விளிம்பு வரைக்கும் போய் நின்றது. வீட்டில் சத்தமே இல்லை. பின்னறைக் கதவு மட்டும் காற்றில் ஒரு தடவை முனகியது.

சட்டக்காரர் கரண்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“எதுக்குப் பொய் சொல்லப்போறேன்னு கேட்டதும் இப்படி ஆகுதே” என்று அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “யோசிச்சுச் சொல்லுங்க. எல்லாமே உண்மைதானா?”

“கொ... கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்.”

“எவ்வளவு கூட்டி?”

“கொஞ்சமா. அந்த ரூம்ல யாரும் படுக்கக் கூடாதுன்னு அவங்க நேர்ல வந்து சொல்லலை. நானா யூகிச்சதுதான்.”

“அப்படி உண்மையைச் சொல்லுங்க. இருங்க, புளிப்பு பத்தாது” என்று அரை எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தட்டில் நன்றாகப் பிழிந்தாள். நீலம் விலகியது. ஊதா வந்தது. ஊதாவும் போய், குழந்தை உதடு மாதிரி ஒரு ரோஸ் நிறம் வந்து சிரித்தது.

“பார்த்தீங்களா? அவங்களுக்குச் சந்தோஷம். சாப்பிடுங்க, ஆறிடப்போகுது.”

அவர் சாப்பிட்டார். சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? ருசியாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த நாள் கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் தையல்காரி வாசலில் வழிமறித்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

“அண்ணே, அந்தம்மா கோஸ் நறுக்கிட்டே இருக்கும்போதுதான் போனாங்களாமே? நறுக்கினது நறுக்கினபடி இருந்துச்சாம். விரலெல்லாம் ஊதாவா இருந்துச்சாம்.”

“இதை நான் சொல்லவே இல்லையே!”

“நீங்க சொல்லலைண்ணே. அக்காதான் சொன்னாங்க. அக்காவுக்கு யார் சொன்னாங்கன்னு கேட்டேன். பின்னறைப் பக்கமா கையைக் காட்டிட்டுப் பேசாம உள்ளே போயிட்டாங்க.”

சட்டக்காரர் கடைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. இந்தப் பேயைப் பெற்றவர் அவர். பெயர் வைக்காத குறையாக, பரணிலிருந்து இறக்கி வளர்த்தவர் அவர். இப்போது அது அவரைக் கேட்காமல் தானாகவே நடக்க ஆரம்பித்துவிட்டது. சொல்லி அழக்கூட ஆளில்லை. யாரிடம் போய், “நான் சொன்ன பொய் உண்மையாயிடுச்சுங்க” என்று புலம்ப முடியும்?

ஒரே வழிதான் இருந்தது. படத்தைத் திருப்பிக் கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுவிட வேண்டும். மறுநாள் காலை, படத்தின் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டிக் கழற்றினார். பேப்பரில் சுற்றினார். சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். வாசல்பக்கம் சாத்தி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். குளித்து, உடுத்தி, பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் பொட்டலம் கனத்துக்கொண்டே போவது போல் இருந்தது.

கடையைத் திறந்து, விளக்கைப் போட்டு, கயிற்றை அவிழ்த்தார்.

பேப்பருக்குள்ளிருந்து அவரே அவரைப் பார்த்தார்.

ஹாலில் மாட்டியிருந்த அவருடைய சொந்தப் போட்டோ. அவரே சட்டம் போட்டது. ஆனால் அந்த மந்தார வெளிச்சத்தில், உதட்டை இறுக்கிக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டு... வாங்கவே ஆள் வராத ஒரு படம் மாதிரி இருந்தது. சட்டக்காரர் ஒரு சத்தம் போட்டார். எதிர்க்கடை டீக்காரர், கண்ணாடிதான் கையைக் கிழித்துவிட்டது என்று நினைத்துத் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

அன்றைக்குக் கடை அரைநாள் லீவு. வீட்டுக்கு வந்து பின்னறையை எட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் சுவரிலேயே இருந்தாள். ஆணி கொஞ்சம்கூட ஆடவில்லை. பொட்டலம் கட்டியது நானா, இல்லை கனவா என்று அவருக்குக் குழம்பிவிட்டது. ஹாலில் அவர் படம் இருந்த இடத்தில் மட்டும் சுவர் வெளுப்பாக ஒரு சதுரம் காட்டியது.

“உங்க போட்டோ எங்கேங்க?” என்று அவள் சாயங்காலம் வந்து கேட்டாள்.

“கண்ணாடி மாத்தணும்னு கடைக்கு எடுத்துட்டுப் போனேன்.”

“ஓஹோ” என்றாள் அவள். அந்த ஓஹோவில் என்ன இருந்தது என்று பார்க்கிற நிலைமையில் அவர் இல்லை.

அதற்கப்புறம் அவர் பின்னறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ரேடியோ ஊமையாகக் கிடந்தது. ஹாலில் உட்கார்ந்தார். “காலைத் தூக்குங்க” என்றாள், தூக்கினார். “இன்னும் கொஞ்சம்” என்றாள், இன்னும் கொஞ்சம் தூக்கினார். ஒரு நாள் காலையில், மீந்த கோஸை வதக்கி அதன்மேல் முட்டையை உடைத்து ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். மஞ்சள்கரு மஞ்சளாகத்தான் இருந்தது. அதைச் சுற்றி, வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் பச்சையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. அந்த மஞ்சள் அவரையே முறைத்துப் பார்த்தது.

சட்டக்காரர் தட்டைத் தள்ளினார். எழுந்தார். அவருக்கே தெரியாமல் கை இரண்டும் கும்பிட்டுக்கொண்டன.

“இன்னைக்கே போய் உங்க அம்மாவைக் கூட்டிட்டு வந்துடலாம்.”

“அம்மாவையா? எங்கே படுக்க வைக்கிறது?”

“பின்னறையிலதான்.”

அவள் அதிர்ந்துபோய்விட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “என்னங்க இது, பேய் இருக்கிற ரூம்ல பெத்த தாயைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறதா? ஊர் என்ன சொல்லும்? வேண்டவே வேண்டாம். அம்மா அங்கேயே கிடக்கட்டும், மூணு மாடி ஏறி இறங்கிட்டு.”

“அப்படிச் சொல்லாதே! அத்தைக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. அவங்க குரலைக் கேட்டா பேய் என்ன, எமனே எழுந்து நிப்பான். ஒரு பெரியவங்க அந்த ரூம்ல இருந்தாத்தான் வீடு வீடா இருக்கும். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“காலையெல்லாம் பிடிக்க வேண்டாம். எனக்கு மனசே வரலை” என்று அவள் பெருமூச்சு விட்டாள். “ஏதோ, நீங்க இவ்வளவு ஆசையாக் கூப்பிடுறீங்க. சரி, வண்டிக்குச் சொல்லுங்க.”

வண்டிக்குச் சொன்னார். மூன்று மாடி ஏறினார். அத்தையின் பெட்டி, படுக்கை, இட்ட இடத்தில் நிற்காத ஒரு தையல் மிஷின், எல்லாவற்றையும் தலையிலும் தோளிலும் சுமந்து இறக்கினார். அத்தைக்கே ஆச்சரியம். “மாப்பிள்ளை இப்படித் தாங்குவார்னு நான் கனவுலகூட நினைக்கலை” என்று படிக்குப் படி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது வேர்வை.

அத்தை பின்னறையில் குடியேறினாள். வந்த அன்றே ரேடியோ பாடியது. மறுநாள் வீட்டிலேயே ஒரு கலகலப்பு. ஞாயிற்றுக்கிழமை, முட்டியைத் தேய்த்துக்கொண்டு அத்தையே அடுப்பு முன்னால் நின்றாள். கடைசிக் கோஸ் ஒன்று பாக்கி இருந்தது.

“அத்தை, அதை மட்டும் வேண்டாம்” என்றார் சட்டக்காரர்.

“ஏன் மாப்பிள்ளை? இதைவிட நல்ல காய் உண்டா? பச்சையாவே பொடியா நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் போட்டுப் பிசறி வெச்சா மூணு நாள் கெடாது. வினிகர் ஊத்தி ஜாடியில போட்டா மாசக்கணக்குல நிக்கும். வதக்கும்போது முதல்லயே கொஞ்சம் புளிப்பு விட்டுடணும், அப்பத்தான் செக்கச்செவேல்னு இருக்கும். இல்லேன்னா நீலம் பாஞ்சிடும். தெரியாத்தனமா சமையல் சோடா விழுந்துடுச்சுன்னு வைங்க, அவ்வளவுதான், மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி ஆயிடும். முட்டையோட சேர்ந்தாலும் அதே கதைதான், பச்சையாயிடும். மறுபடி எலுமிச்சை பிழிஞ்சா சிவந்துடும். இவ சின்னதுல இதை வெச்சுத்தான் விளையாடுவா. சாயந்தரம் வீட்டுக்கு வர்றவங்களையெல்லாம் பயமுறுத்திட்டு இருப்பா, கழுதை.”

அத்தை ஒரு கைப்பிடி நறுக்கி, அடுப்பில் வைத்து, செய்தே காட்டினாள். நீலமானது. எலுமிச்சை விட்டாள். சிவந்தது. சட்டக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகமும் அதே வரிசையில் நிறம் மாறியது.

ஹாலில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நேராகப் போய் எதிரில் நின்றார்.

“உப்புன்னு தூவினியே, அது சோடாவா?”

“எப்போ?”

“சூப்ல! அப்புறம் பின்னறைக் கிண்ணத்துல! நான் பல்லு குத்திட்டு இருந்தப்போ!”

“ஓ, அதுவா?” என்று ஒரு துண்டை உதறினாள். “கோஸ் வெட்டின அன்னைக்கே எல்லாத்தையும் விலாவாரியாச் சொன்னேனே. சோடா பட்டா நீலமாகும், புளிப்பு பட்டா சிவக்கும்னு. நீங்கதான் உம் உம்னு கேட்டுக்கிட்டீங்க.”

“போட்டோ? பொட்டலத்துல போட்டோவை மாத்தினதும் நீதானே?”

“அழகா கட்டியிருந்தீங்க. அவிழ்த்துக் கட்டறதுக்குள்ள விரலே போயிடுச்சு.”

சட்டக்காரருக்கு ரத்தம் கொதித்தது. “அநியாயம்! பேயே இல்லாத வீட்ல பேய் இருக்குன்னு ஒரு மனுஷனை நம்ப வெச்சு...”

“பேயே இல்லையா?” அவள் கை நின்றது. “நிச்சயமாவா? உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

வாயைத் திறந்தார். அந்தப் போட்டோ என் கடையில் கிடந்தது, நான்தான் கொண்டுவந்து மாட்டினேன், உன் அம்மா வரக் கூடாதென்று நான்தான் கதை கட்டினேன் என்று சொன்னால்தான் அதற்குப் பதில் வரும். அடுப்படியில் அத்தை காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டார்.

“பேய் இருந்தா, அம்மா அங்கே இருக்கிறதுதான் நமக்குப் பாதுகாப்பு. நீங்களே சொன்னது. பேய் இல்லேன்னா, அம்மா நிம்மதியாத் தூங்கலாம். இதுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க, அப்படியே வெச்சுக்கலாம்.”

சட்டக்காரர் அப்படியும் யோசித்துப் பார்த்தார், இப்படியும் யோசித்துப் பார்த்தார். எப்படி யோசித்தாலும் பின்னறையில் அத்தைதான் படுத்திருந்தாள்.

சரி, அறை போனால் போகட்டும். நாற்காலியாவது மிஞ்சட்டும். அதைக் கொண்டுவந்து ஹால் மூலையில் போட்டுக்கொண்டால், காலைத் தூக்கச் சொன்னாலும் சாய்ந்துகொண்டே தூக்கலாம். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பின்னறைக் கதவைத் தட்டினார். வெளியே மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்திருந்தது. அத்தை கட்டிலில் சாய்ந்து, ரேடியோவை முணுமுணுவென்று வைத்துக்கொண்டு, நாற்காலிப் பக்கமாக முகத்தைத் திருப்பி ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினாள். சுவரில் படம் அதே பார்வை பார்த்தது.

“அத்தை, அந்த நாற்காலியை மட்டும் ஹாலுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?”

“இதென்ன கேள்வி மாப்பிள்ளை? உங்க நாற்காலி. எனக்குத்தான் கட்டில் இருக்கே, தாராளமா எடுத்துட்டுப் போங்க.”

கண்ணில் ஜலமே வந்துவிட்டது அவருக்கு. பெண்ணைவிட அம்மா தங்கம் என்று நினைத்துக்கொண்டு ஓர் எட்டு வைத்துக் கையை நீட்டினார்.

“கொஞ்சம் பொறுங்க” என்று அத்தை குரலைத் தாழ்த்தினாள். “அவங்க எழுந்திரிச்சப்புறம் எடுத்துக்கோங்க.”

நாற்காலியில் யாரும் இல்லை. துணி மட்டும் நடுவில் ஆள் உட்கார்ந்த மாதிரி பள்ளமாகத் தொங்கியது. வருஷக்கணக்காக அவரே உட்கார்ந்து விழுந்த பள்ளம்தான். அது அவருக்குத் தெரியும். இந்தப் பேய் எந்தக் கடையின் எந்த மூலையிலிருந்து வந்தது என்பதும் அவருக்குத் தெரியும். நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

“ஒண்ணும் அவசரமில்லை அத்தை” என்றார் சட்டக்காரர், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டே. “அவங்க மெதுவாவே எழுந்திரிக்கட்டும்.”